மழைக்கு முன்னால் ஒரு கணக்கு: கல்யாண டிவிடியைச் சுருக்குவதா, அப்படியே வைப்பதா?

மும்பையில் மே மாதக் கடைசியில் வீட்டுக்கு வீடு நடக்கிற வேலை ஒன்று உண்டு. மழை பிடித்துக்கொள்வதற்குள் லாஃப்ட்டில் இருப்பதையெல்லாம் இறக்கித் துடைத்து மறுபடி ஏற்றுவது. செம்பூரில் எங்களுடையது ஒற்றைப் படுக்கையறை வீடு. அதனால் இறக்குகிற ஒவ்வொன்றுக்கும் 'இது இன்னும் வேண்டுமா?' என்று ஒரு விசாரணை நடக்கும். இந்த வருடம் விசாரணையில் மாட்டியது ஜிப் வைத்த கறுப்புப் பை ஒன்று. உள்ளே 31 டிவிடிகள். எங்கள் கல்யாணம் மூன்று, தங்கை கல்யாணம் நாலு, சீமந்தம் ஒன்று, குழந்தைகளின் காதுகுத்து இரண்டு, அத்தை பெண்ணின் அரங்கேற்றம் இரண்டு, அப்பாவின் சஷ்டியப்தபூர்த்தி இரண்டு, பள்ளி ஆண்டுவிழா மூன்று. மிச்சம் பதினாலும் காசு கொடுத்து வாங்கிய சினிமா.

நாலைந்து டிவிடிகளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது. வீடியோக்காரர்கள் எழுதிக் கொடுக்கும் டிவிடியில் தகவல் பதிவது மெல்லிய சாயப் படலம் ஒன்றில். வெளிச்சம், சூடு, ஈரம் மூன்றும் அதற்கு ஆகாது. இந்த ஊரில் மூன்றுக்கும் பஞ்சமில்லை. ஆகவே எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவது என்று முடிவாயிற்று. லேப்டாப்பில் இருப்பது 256 ஜிபி எஸ்எஸ்டி. அதில் காலி இடம் 58 ஜிபி. 31 டிவிடியையும் அப்படியே போட்டால் 130 ஜிபிக்கு மேல் ஆகும். வேறு வழியில்லை, சுருக்க வேண்டியதுதான் என்று உட்கார்ந்தேன்.

அதற்கும் முன்னால் ஒரு செலவு. இப்போதைய லேப்டாப் அநேகமாக எதிலும் டிவிடி டிரைவ் கிடையாது. கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி லாமிங்டன் ரோட்டில் நாலு கடை ஏறி, யுஎஸ்பியில் செருகுகிற டிவிடி ரைட்டர் ஒன்றை ஆயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கினேன். கடைக்காரர் அதை எடுத்துக் கொடுத்தபோது பார்த்த பார்வையில், நான் ஏதோ கிராமஃபோன் ஊசி கேட்டது போல இருந்தது.

டிவிடிக்குள் இருப்பது என்ன

ஒற்றை அடுக்கு டிவிடியின் உறையில் 4.7 ஜிபி என்று போட்டிருக்கும். விண்டோஸில் செருகினால் 4.37 என்று காட்டும். ஏமாற்று ஒன்றுமில்லை. டிவிடி செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. இரட்டை அடுக்கில் 8.5 ஜிபி கொள்ளும். கடையில் விற்ற பெரிய படங்கள் பல அந்த வகை. எதைத் திறந்தாலும் 'வீடியோ டிஎஸ்' என்ற ஃபோல்டர் இருக்கும். அதற்குள் ஒவ்வொன்றும் ஒரு ஜிபிக்குள் துண்டு போட்ட விஓபி கோப்புகள்.

இந்தப் படம் ஏற்கெனவே சுருக்கப்பட்டதுதான். எம்பெக்-2 என்ற 1990களின் முறை அது. அதனால்தான் 'ஜிப் பண்ணிடேன்' என்று மைத்துனன் சொன்ன யோசனை பலிக்கவில்லை. பத்து நிமிடம் ஓடி, நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ குறைந்தது. ஆலையில் பிழிந்த கரும்புச் சக்கையை மறுபடி ஆலையில் கொடுத்தால் என்ன சாறு வரும்? விண்டோஸில் ஃபோல்டரைச் சுருக்கும் வசதிக்கும் இதே கதிதான். அதை விட்டுவிடலாம்.

சாறு வர வேண்டுமென்றால் படத்தைப் பிரித்து, அதைவிடத் திறமையான முறை ஒன்றில் மறுபடி கட்ட வேண்டும். அப்படிக் கட்டும்போது ஏதோ ஒன்று போகும். எது போகிறது, அது போனால் நமக்கு வலிக்குமா என்பதுதான் இந்த ஒப்பீடு முழுக்க.

யாருக்கு வலிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் கல்யாண வீடியோவை உண்மையில் பார்க்கிற ஒரே ஆள் அம்மா. அம்மா படம் பார்ப்பதில்லை, ஆராய்ச்சி செய்வார். பந்தியில் கேமரா வரிசையாக நகர்ந்து போகும்போது சட்டென்று நிறுத்தச் சொல்லி, "அந்தப் பச்சைப் புடவை யாருடா, கும்பகோணத்துக்காரா பொண்ணா?" என்பார். இப்போது யாருக்காவது வரன் பார்க்க வேண்டியிருந்தால் இந்த ஆராய்ச்சி இன்னும் தீவிரமாகும். ஆக, ஓடுகிற படம் நன்றாக இருந்தால் போதாது. எங்கே நிறுத்தினாலும் முகம் தெரிய வேண்டும்.

அப்படியே நகல் எடுப்பது

முதல் வழி, எதையும் தொடாமல் முழு டிவிடியையும் ஒரே ஐஎஸ்ஓ கோப்பாக எடுத்து வைப்பது. மெனு, பாட்டோடு சுழலும் பூப்போட்ட முகப்பு, அத்தியாயங்கள் எல்லாம் அப்படியே வரும். விஎல்சி என்ற இலவசப் பிளேயர் அதை நேராக ஓட்டும். விண்டோஸ் 8க்குப் பிறகு வந்த எதிலும் இரண்டு முறை சொடுக்கினால் டிவிடி போட்டது போலவே திறக்கும். இடம் மட்டும் ஒரு பைசா மிச்சமாகாது.

இன்னொரு சங்கடம் டிவியில் தெரிந்தது. ஐஎஸ்ஓவை பென் டிரைவில் போட்டு டிவியில் செருகலாம் என்று பார்த்தால், பென் டிரைவே அதை வாங்கிக்கொள்ளவில்லை. ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு ஏறாது. கல்யாண டிவிடியோ 4.3. அந்த வரம்பு இல்லாத எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றி ஏற்றினேன். இப்போது ஏறியது, ஆனால் எங்கள் டிவிக்கு ஐஎஸ்ஓ என்றால் என்னவென்றே தெரியவில்லை. அம்மாவுக்கு இந்த வழி உதவாது. ஆனாலும் இதை மறந்துவிட வேண்டாம், பின்னால் திரும்பி வருகிறேன்.

பெட்டியை மட்டும் மாற்றுவது

மேக்எம்கேவி என்ற நிரல் படத்தையும் ஒலியையும் தொடாமல், விஓபி துண்டுகளைச் சேர்த்து ஒரே எம்கேவி கோப்பாக்கித் தருகிறது. சாமானை அப்படியே வைத்துக்கொண்டு அட்டைப்பெட்டியை மட்டும் மாற்றுவது மாதிரி. பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும், தரம் துளியும் குறையாது. வேண்டாத ஒலித்தடங்களை விட்டுவிடலாம் என்பதில் கொஞ்சம் இடமும் மிச்சமாகும். இரண்டு மொழி ஒலி இருக்கும் இரண்டரை மணி நேரப் படத்தில், 448 கேபிபிஎஸ் (வினாடிக்கு இத்தனை ஆயிரம் பிட் என்று அர்த்தம்) ஒலித்தடம் ஒன்றை விட்டாலே 500 எம்பி குறைகிறது.

வீட்டு டிவிடியில் அந்த லாபம் இல்லை. ஒரே ஒலி, அதில் ஒரே நாகஸ்வரம். அங்கே வேறு ஒரு பொறியும் இருக்கிறது. மேக்எம்கேவி 120 வினாடிக்குக் குறைவான பகுதிகளை வேண்டாதவை என்று தானாகவே ஒதுக்கிவிடும். எங்கள் டிவிடியில் ஜானவாசத்துக்கு என்று தனியாக ஒன்றரை நிமிடத் துண்டு ஒன்று இருந்தது. அமைப்பில் அந்த எண்ணைக் குறைத்த பிறகுதான் அது கண்ணில் பட்டது.

டிவிடி ஷ்ரிங்க்: நல்ல ஆள், தப்பான வேலை

இணையத்தில் தேடினால் இன்றைக்கும் பழைய ஆட்கள் டிவிடி ஷ்ரிங்கைத்தான் பரிந்துரைக்கிறார்கள். கடைசிப் பதிப்பு வந்தது 2004இல். அது பிறந்த காரணம் வேறு: 8.5 ஜிபி டிவிடியை 4.7 ஜிபி வெற்று டிவிடியில் அடக்க வேண்டும், மெனுவும் கெடக்கூடாது. அந்த வேலையைப் பிரமாதமாகச் செய்தது. ஆனால் எம்பெக்-2ஐ எம்பெக்-2ஆகவே வைத்துக்கொண்டு நுணுக்கங்களை மட்டும் கழித்துத்தான் அது இடத்தைக் குறைக்கிறது. ஹார்ட் டிஸ்க்கில் இடம் வேண்டும் என்பவருக்கு இது சரிப்படாது. பாதியாக்குவதற்குள் படம் கட்டம் கட்டமாக உடைய ஆரம்பித்துவிடும். எந்தப் பிளேயரிலும் ஓடுகிற டிவிடியாகவே மறுபடி எழுத வேண்டும் என்றால் மட்டும் இதன் பக்கம் போகலாம்.

ஹெச்.264: பெரும்பாலோருக்கு இதுதான்

ஹேண்ட்பிரேக் என்ற இலவச நிரலில் டிவிடியைக் காட்டி, 'ஃபாஸ்ட் 576பி25' என்ற தயார் அமைப்பைத் தேர்ந்தெடுத்து, பொத்தானை அழுத்தினால் எம்பி4 கோப்பு வந்து விழும். நம் ஊர் டிவிடிகள் பொதுவாக பால் (PAL) என்ற டிவி முறையில் 720க்கு 576 புள்ளி, வினாடிக்கு 25 படம் என்பதால் அந்தப் பெயர். அந்தக் கோப்பில் படம் சுருங்கியிருப்பது, எம்பெக்-2ஐவிடத் திறமையான ஹெச்.264 முறையில். அந்தத் தரநிலை வந்தது 2003இல். இப்போது அதை ஓட்டாத டிவி, போன், டேப்லெட் அரிது. பொருத்தம் பார்த்தால் பத்துக்குப் பத்து.

அளவைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு, எல்லா வழிக்கும் உதவும். எத்தனை கேபிபிஎஸ் என்பதை வினாடிகளால் பெருக்கி 8000ஆல் வகுத்தால் எம்பி கிடைக்கும். வீடியோக்காரர் ஒரு மணி நேரத்தை 8000 கேபிபிஎஸ்ஸில் எழுதியிருந்தால் 3600 எம்பி. அதையே ஹெச்.264இல் 1500 கேபிபிஎஸ்ஸுக்குக் கொண்டுவந்தால் 675 எம்பி. ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு!

ஆனால் இத்தனை எம்பியில் அடக்கு என்று நாமே கட்டளையிடுவது நல்லதல்ல. அசையாமல் உட்கார்ந்திருக்கும் சாஸ்திரிகளுக்கும், ஆட்டம் போடும் ரிசப்ஷனுக்கும் ஒரே அளவு போதாது. ஹேண்ட்பிரேக்கில் 'கான்ஸ்டன்ட் குவாலிட்டி' என்று ஒரு நகர்த்தி உண்டு. தரத்தை நாம் சொன்னால், எந்த இடத்தில் எவ்வளவு செலவழிப்பது என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். எண் குறையக் குறையத் தரம் கூடும். டிவிடி அளவுப் படத்துக்கு 18 முதல் 22 வரை என்பது அவர்களே சொல்லும் வரம்பு. நான் சினிமாவுக்கு 21, கல்யாணத்துக்கு 19 வைத்தேன். கல்யாணத்துக்கு ஏன் கூடுதல் என்றால், சினிமாவை வெளிச்சம் போடத் தெரிந்தவர்கள் எடுத்திருக்கிறார்கள். மண்டபத்தில் ஒற்றை வீடியோ லைட்டை வைத்துக்கொண்டு எடுத்த படத்தில் இருட்டெல்லாம் புள்ளிப் புள்ளியாக இரையும். அந்த இரைச்சலையும் விவரம் என்று நினைத்து நிரல் இடத்தைச் செலவழிக்கும். கஞ்சத்தனம் செய்தால் இரைச்சலோடு சேர்த்து ஜரிகையையும் அழித்துவிடும்.

சீப்புப் பல் விவகாரம்

இங்கேதான் நான் ஒரு வாரத்தைத் தொலைத்தேன். எங்கள் கல்யாணத்தை மாற்றி முடித்து அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். ஊஞ்சல் வந்தது. நிறுத்தச் சொன்னார். நிறுத்தினால் என் மாமியார் முகத்தின் இரு ஓரமும் சீப்புப் பல் போலக் கிழிந்து நின்றது.

காரணம் பழையது. அந்தக் கால வீடியோ கேமராக்கள் ஒரு படத்தை முழுதாக எடுப்பதில்லை. முதலில் ஒற்றைப்படை வரிகள், வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்து இரட்டைப்படை வரிகள். குழாய் டிவியில் இரண்டும் மாறி மாறி வந்து கண்ணுக்கு வழவழவென்று தெரியும். கம்ப்யூட்டர் இரண்டையும் ஒட்டி ஒரே படமாகக் காட்டும்போது, இடையில் ஊஞ்சல் நகர்ந்துவிட்டதால் ஓரங்கள் பிசிறுகின்றன. பக்கவாட்டில் அசைகிற எதிலும் இது அதிகம் தெரியும்: ஊஞ்சல், பந்தியில் நகரும் கேமரா, மாலை மாற்றும்போது பெண்ணையும் மாப்பிள்ளையையும் மாமன்மார் தூக்கி ஆட்டுவது. கல்யாணத்தில் வேறு என்ன இருக்கிறது!

பிசிறோடு சுருக்கிவிட்டால் அது படத்தோடு கலந்துவிடும், பிறகு எடுப்பது கஷ்டம். சுருக்குவதற்கு முன்பே சரிசெய்ய வேண்டும். ஹேண்ட்பிரேக்கின் ஃபில்டர் பகுதியில் 'டிஇன்டர்லேஸ்' இருக்கிறது. அதிலும் இரண்டு வகை. சாதாரண வகை இரண்டு பாதியையும் சேர்த்து வினாடிக்கு 25 படம் தரும். அசைவு லேசாக வெட்டி வெட்டிப் போகும். 'பாப்' என்ற வகை ஒவ்வொரு பாதியையும் ஒரு முழுப் படமாக வளர்த்து 50 படம் தரும். ஃப்ரேம் ரேட்டையும் 50 என்று வைக்க வேண்டும். அப்போதுதான் ஊஞ்சல் பழைய டிவியில் ஆடியது போலவே ஆடுகிறது. கோப்பு கொஞ்சம் பெரிதாகும். வீட்டு வீடியோவுக்கு நான் பாப்தான் சொல்வேன், இடம் போனாலும் பரவாயில்லை. ஃபிலிமில் எடுத்த சினிமாவுக்குப் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை. அங்கே இதைப் போட்டால் இருக்கிற கூர்மையும் வீணாகும்.

முழு டிவிடியையும் மாற்றிவிட்டுப் பார்ப்பதை விட, மோசமான இடங்களை மட்டும் இரண்டு நிமிடம் வெட்டிச் சோதிப்பது புத்தி என்று அப்புறம்தான் உறைத்தது. ஹேண்ட்பிரேக்கில் எந்த வினாடியிலிருந்து எது வரை என்று கொடுக்கலாம். என் சோதனை இடங்கள் நாலு. முதலாவது ஊஞ்சல், பிசிறு பார்க்க. இரண்டாவது கெட்டிமேளம் கொட்டி அட்சதை விழும் நேரம். நூறு பேர் எறியும் அரிசி நாலா பக்கமும் தாறுமாறாகப் பறக்கும். முந்தைய படத்தை வைத்து அடுத்த படத்தை ஊகிப்பதுதான் இந்த முறைகளின் சூட்சுமம் என்பதால், ஊகத்துக்கு அடங்காத அரிசிமணிகள் எந்த நிரலையும் திணற வைக்கும். தாலி கட்டுகிற முகமும் அதே வினாடியில் இருப்பதால் அங்கே உடைந்தால் மன்னிப்புக் கிடையாது. மூன்றாவது ஹோமப் புகை. மெல்ல மெல்ல மாறும் சாம்பல் நிறம், அளவுக்கு மீறிச் சுருக்கினால் படிக்கட்டாகத் தெரியும். நாலாவது பட்டுப் புடவை ஜரிகை, கேமரா கிட்டப் போகும் இடம்.

ஒரு மணி நேர டிவிடி ஒன்று, 4.2 ஜிபி. தரம் 22, சாதாரண டிஇன்டர்லேஸ் என்று வைத்தபோது சுமார் 700 எம்பி வந்தது. அட்சதையில் முகங்கள் களிமண் பொம்மை ஆயின, புகை படிக்கட்டாயிற்று. 19, பாப் என்று வைத்தபோது ஒன்றரை ஜிபி. நாலு இடமும் தேறின. 17க்குப் போனால் இரண்டு ஜிபியைத் தாண்டியது, வித்தியாசம் என் கண்ணுக்குத் தெரியவில்லை, அம்மாவின் கண்ணுக்கும் தெரியவில்லை. 19இல் நின்றேன்.

ஒலியில் ஒளிந்திருக்கும் ஒரு ஜிபி

எல்லோரும் படத்தையே பார்த்துக்கொண்டிருக்க, சில வீடியோக்காரர்கள் ஒலியைச் சுருக்காமல் பிசிஎம் ஆகவே எழுதியிருக்கிறார்கள். அது 1536 கேபிபிஎஸ். மேலே சொன்ன கணக்கைப் போட்டால் இரண்டு மணி நேரத்துக்கு 1382 எம்பி. டிவிடியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வெறும் சத்தம்! அதையே ஏஏசி என்ற ஒலிச் சுருக்க முறையில் 160 கேபிபிஎஸ்ஸுக்கு மாற்றினால் 144 எம்பி. படத்தைத் தொடாமலே ஒன்றேகால் ஜிபி மிச்சம். ஹேண்ட்பிரேக் படத்தையும் மாற்றியே தீரும் என்பதால், ஒலியை மட்டும் மாற்ற எஃப்எஃப்எம்பெக் என்ற நிரல் வேண்டும். கட்டளை எழுதப் பயப்படாதவர்களுக்கு இது நல்ல நடுவழி. தங்கை கல்யாணத்தில் இரண்டு டிவிடிக்கு இப்படிச் செய்தேன். ஆனால் அரங்கேற்றத்தின் ஒலியைத் தொடவில்லை. மிருதங்கத்தைச் சுருக்க மனம் வரவில்லை. காது கேட்டிருக்குமா என்றால் சந்தேகம்தான்.

ஹெச்.265உம் அதற்குப் பின்னால் வந்தவையும்

2013இல் வந்த ஹெச்.265, அதே தரத்தை இன்னும் குறைந்த இடத்தில் தரும் என்பது உண்மை. அந்த ஆதாயம் 4கே போன்ற பெரிய படங்களில் நன்றாகத் தெரியும்; 720க்கு 576இல் அவ்வளவு இல்லை. என் லேப்டாப்பில் ஹெச்.264 அரை மணியில் முடிக்கும் டிவிடியை இது ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் மென்றது. மிச்சமானது முந்நூறு நானூறு எம்பி. இரைச்சல் நிறைந்த பழைய வீடியோவில் இது சற்று மெழுகி விடுகிற குணமும் உண்டு, ஜரிகைச் சோதனையில் தெரிந்தது. சில பழைய டிவிகள் ஓட்டாது. விண்டோஸின் சொந்தப் பிளேயருக்குக் கூடுதல் நிரல் ஒன்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கலாம்; விஎல்சியில் தொல்லையில்லை. 2018இல் வந்த ஏவி1இன் கதையும் இதுதான், பழைய கருவிகளில் இன்னும் கஷ்டம். என் தீர்ப்பு: டிவிடிக்கு இவை இரண்டும் தேவையில்லை.

அவசரப்படுகிறவர்களுக்கு ஒரு ஆசை காட்டல் உண்டு. கிராஃபிக்ஸ் சில்லைக் கொண்டு சுருக்கினால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் அதே அளவுக் கோப்பில் தரம் குறையும். ஒருமுறை செய்து பல வருடம் பார்க்கப் போகிறதற்கு எதற்கு ஓட்டம்? ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் இருக்கும்.

இன்னொன்று, எடிட்டிங் கடைகளில் இப்போது 'பழைய டிவிடியை 4கே ஆக்கித் தருகிறோம்' என்கிறார்கள். டிவிடிப் படத்தில் 4,14,720 புள்ளிகள். 4கேயில் 82,94,400. சரியாக இருபது மடங்கு. இருபதில் பத்தொன்பது புள்ளி இட்டுக்கட்டியவை. பச்சைப் புடவையின் மூக்கு யாருடைய மூக்காக மாறும் என்று சொல்ல முடியாது. இடமும் பறிபோகும்.

சினிமா பதினாலு

இதை வேகமாக முடித்துவிட்டேன். கடையில் விற்ற டிவிடிகள் பலவற்றில் சிஎஸ்எஸ் என்ற பூட்டு உண்டு. ஹேண்ட்பிரேக் தானாக அதைத் திறக்காது. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு இப்படிப்பட்ட பூட்டை உடைப்பதைக் குற்றமாக்குகிறது. சொந்தமாகப் பார்க்க ஒரு நகல் வைத்துக்கொள்வது இதில் எந்தப் பக்கம் விழும் என்று வாதாட நான் வக்கீல் இல்லை. அதற்கு அவசியமும் வரவில்லை. பதினாலில் பதினொன்று நாங்கள் ஏற்கெனவே சந்தா கட்டுகிற செயலிகளிலேயே இருக்கின்றன. இருக்கிற படத்துக்கு ஹார்ட் டிஸ்க்கில் எதற்கு இடம்? அவை டிவிடியாகவே பைக்குத் திரும்பின. சினிமா டிவிடிகளை உலகை மண்டலங்களாகப் பிரித்து, அந்தந்த மண்டலத்தில் மட்டும் ஓடும்படி விற்பார்கள். மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஒன்று மூன்றாம் மண்டல டிவிடி, நமக்கு ஐந்து. டிரைவில் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்றலாம், ஒன்றை அதற்காகச் செலவழிக்கவில்லை.

'ஒரே டிவிடியில் மூன்று படம்' ரகம் ஒன்றும் இருந்தது. ஏழரை மணி நேரத்தை 4.7 ஜிபியில் திணித்தால், ஒலியையும் சேர்த்து வினாடிக்கு 1400 கேபிபிஎஸ்தான் கிடைக்கும். எம்பெக்-2க்கு அது பட்டினிச் சோறு. அதை மறுபடி சுருக்கினால் கட்டங்களைத்தான் பத்திரமாகச் சுருக்கி வைப்போம். வீட்டில் பழைய விசிடி இருந்தாலும் இதே யோசனைதான்: தொட வேண்டாம், அப்படியே நகலெடுங்கள்.

கடைசியில் எப்படிப் பங்கிட்டேன்

ஹார்ட் டிஸ்க் வாங்குவதும் ஒரு வழிதானே என்று மனைவி முதல் நாளே கேட்டாள். சுருக்குவது திறமை, வாங்குவது சோம்பேறித்தனம் என்று எனக்கு ஒரு வீம்பு. கணக்குப் போட்டபோது வீம்பு இறங்கியது. வெளியே செருகும் 1 டிபி ஹார்ட் டிஸ்க்கை விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும். நிரம்பிய டிவிடிகள் இருநூறுக்கு மேல் கொள்ளும். எங்கள் வீட்டு டிவிடிகள் மொத்தமே 17, எழுபது ஜிபி சொச்சம். இலவச கூகுள் கணக்கின் 15 ஜிபியில் மூன்று டிவிடிதான் ஏறும் என்பதால் மேகத்தை நம்பவில்லை.

ஆகவே படிக்க மறுத்த ஒன்றைத் தவிர (அதைக் கடைசியில் சொல்கிறேன்) 17ஐயும் முதலில் சுருக்காமல் ஐஎஸ்ஓவாக எடுத்தேன். அட்சதை விழும் அந்த வினாடிக்கு உலகத்தில் வேறு பிரதி இல்லை. 19 போதும் என்று இன்றைக்கு என் கண் சொல்கிறது. பிசிறெடுக்கும் நிரல்கள் வருடத்துக்கு வருடம் தேறிக்கொண்டிருக்கின்றன, பத்து வருடம் கழித்து வருவதற்குக் கொடுக்க மூலம் வேண்டும். ஒரு நகல் வீட்டில், இன்னொன்று முலுண்டில் தங்கை வீட்டில். இரண்டு இடம் என்பது எங்கள் குடும்பத்தில் பட்டறிவு. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது கலினாவில் கீழ்த்தளத்தில் இருந்தது சித்தப்பா வீடு. அவர்கள் கல்யாணக் கேசட் அன்றோடு போயிற்று, வேறு யாரிடமும் பிரதி இல்லை.

லேப்டாப்பில் இருப்பது அந்த ஐஎஸ்ஓக்களிலிருந்து செய்த ஹெச்.264 கோப்புகள் மட்டும். டிவிடிக்கு ஒன்று ஒன்றரை ஜிபி வீதம் மொத்தம் 22 ஜிபி. 58இல் 36 இன்னும் காலி. டிவிக்கு பென் டிரைவில் போவதும் இவைதான். எல்லாம் 4 ஜிபிக்குள் அடங்குவதால் ஃபேட்32 தொல்லையும் இல்லை.

வெறும் ஒரு டிவிடி, ஒரே ஒரு காதுகுத்து என்றால் இத்தனை சோதனை வேண்டாம். ஐஎஸ்ஓ ஒன்றை வைத்துக்கொண்டு, தரம் 19, பாப், ஏஏசி என்று ஹேண்ட்பிரேக்கில் ஒரு கோப்பு செய்துவிடுங்கள். முடிந்ததும் கடைசி ஐந்து நிமிடத்தை ஓட்டிப் பாருங்கள். கீறல் டிவிடிகள் பாதியில் நின்றுபோய், நிரல் மட்டும் 'முடிந்தது' என்று சொல்லும். படம் முழுக்க எல்லோரும் இளைத்துத் தெரிந்தால் அகல உயர விகிதம் தவறியிருக்கிறது என்று அர்த்தம். வேறொரு நிரலில் எனக்கு அப்படி ஆயிற்று. "எல்லாரும் அப்போ எவ்வளவு ஒல்லியா இருந்திருக்கோம்" என்று அம்மா சந்தோஷப்பட்டார், திருத்திய பிறகு வருத்தம்.

படிக்க மறுத்த டிவிடிகளை மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைத்தேன், வட்டமாக அல்ல. மூன்று தேறின. நாலாவது, சஷ்டியப்தபூர்த்தியின் இரண்டாம் டிவிடி, தேறவில்லை. படிக்க முடிந்ததை முதலில் எடுத்துக்கொண்டு, முடியாத இடங்களுக்கு மட்டும் திரும்பத் திரும்பப் போகும் டிடிரெஸ்க்யூ என்ற நிரலில் அதைப் போட்டிருக்கிறேன். இரண்டு ராத்திரி ஓடிவிட்டது. நூற்றுக்கு 96 வந்திருக்கிறது. மிச்ச நாலில்தான் பந்தி இருக்கிறது என்று அம்மா சொல்கிறார்.